கோலிகளுக்கு முத்திரை கேட்ட கிருபை அண்ணை

முதலில் ஒரு மன்னிப்பு. கிருபைராசா அண்ணையைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு நான் சொந்தமும் இல்லை, ஊரவளும் இல்லை. அவர் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். ரொறன்ரோவில் ஒரு முத்திரைக் கடையின் நிலக்கீழ் அறையில், ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இருந்து வேலை செய்தோம், அவ்வளவுதான். அவரோடு பந்தடித்தவர்களும், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் அவரோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்களும் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். ஆனால் அவர்கள் எழுதவில்லை. கூட்டங்களில் வாயே திறக்காத என்னிடம் இந்தச் சஞ்சிகைக்காரர் கேட்டார். எழுதும்போது யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்ற ஆறுதலில் ஒத்துக்கொண்டேன். எழுதுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செய்தி வந்தது மாசி மாதத்தில், ஒரு காலை நேரம். தண்ணீர்த் தட்டில் பழைய முத்திரைகளைப் போட்டுவிட்டு, பசை இளகுவதற்காகக் காத்திருந்தேன். மேலே கடையில் ரெலிபோன் அடித்தது. சிறிது நேரத்தில் முதலாளி படியில் பாதி தூரம் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றினார். அவர் ஹங்கேரியில் இருந்து வந்த வயதானவர். கடைக்குள்ளும் தொப்பியோடுதான் இருப்பார். அது இல்லாத தலையை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். அவர் வாய் திறக்க முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. முந்திய நாள் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று அரை நாளோடு போன கிருபை அண்ணை, ஆஸ்பத்திரியில் விடியும் நேரம் போய்விட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டுக்குப் போ என்றார் முதலாளி. நான் போகவில்லை. தண்ணீரில் அதிக நேரம் விட்டால் முத்திரையின் நிறம் கரைந்துவிடும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காயப்போட்ட பிறகுதான் அழுதேன்.

அவருடைய மனைவி தவமலர் அக்கா மட்டக்களப்பில் இருக்கிறார். மகள் கோகிலாவுக்கு நான்கு வயது. கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்த மகள். முப்பத்தோராம் நாளுக்கு நண்பர்கள் சேர்ந்து கல்வெட்டு ஒன்று அடிக்க ஏற்பாடு செய்தார்கள். இறந்தவருடைய வாழ்க்கையையும் சில தேவாரங்களையும் போட்டு, முதல் பக்கத்தில் அவருடைய படத்தோடு எங்கள் ஆட்கள் அடிக்கிற சிறிய புத்தகம். உள்ளே எல்லாம் எழுதியாயிற்று. முப்பத்தோராம் நாளும் கடந்து போயிற்று. முதல் பக்கம் மட்டும் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. கிருபை அண்ணை உயிரோடு இருந்தபோது முகம் தெரிய எடுத்த படம் ஒன்று எங்கள் ஒருவரிடமும் இல்லை.

இது எப்படி என்று நினைப்பீர்கள். அதைச் சொல்வதற்கு நான் அந்த அறையில் இருந்து தொடங்க வேண்டும்.

நான் அந்த வேலைக்குப் போனபோது, எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் பல்கலைக்கழகம் முடித்தவள் என்ற பெருமையை அம்மா எனக்குக் கட்டி அனுப்பியிருந்தார். இங்கே அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் திரிந்தேன். கடையில் வாடிக்கையாளரோடு பேச என்னால் முடியவில்லை. குரல் வெளியே வராது. இரண்டாம் நாளே முதலாளி என்னைக் கீழே அனுப்பிவிட்டார். கீழே கிருபை அண்ணை இருந்தார். ஒரு இடுக்கியை நீட்டி, "இரி புள்ள. இங்க கதைக்கத் தேவல்ல. முத்திரைக்குக் காது இல்ல" என்றார். சொல்லும்போது இடது கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

வேலை இதுதான். வங்கிக் கந்தோர்களிலும் தேவாலயங்களிலும் பழைய கடித உறைகளின் மூலையை வெட்டிச் சேர்த்து மூட்டையாக விற்பார்கள். அந்தத் துண்டுகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட வேண்டும். சிவப்பு உறைத் துண்டுகளை வேறாக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டில் இருக்கிற அத்தனை முத்திரையும் சிவந்து போகும். கொஞ்ச நேரத்தில் பசை இளகும். தாள் அடியில் தங்க, முத்திரைகள் தாமாக விலகி மேலே வரும். ராணிகளும் கப்பல்களும் பறவைகளும், பெயர் தெரியாத நாட்டுத் தலைவர்களும் ஒருவரை ஒருவர் உரசாமல் மிதப்பார்கள். வெளியே தெருத் தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் போகும்போது கட்டடம் மெல்ல அதிரும். தட்டில் வளையம் வளையமாக அலை எழும்பும். எல்லா நாடுகளும் ஒரே பக்கம் நகர்ந்து, பிறகு தத்தம் இடத்துக்குத் திரும்பும். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

அறையின் ஒரே ஜன்னல் நடைபாதையோடு ஒட்டி இருந்தது. அதில் வானம் தெரியாது. போகிற வருகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பனிக்காலத்தில், தெருவில் தூவிய உப்பு சப்பாத்துகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும். எனக்கு அந்த ஜன்னல் பிடித்திருந்தது. முகங்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்படுகிறவளுக்கு அது நல்ல ஜன்னல். சில மாதங்களில் அந்தத் தெருவில் யார் யார் போகிறார்கள் என்று சப்பாத்தை வைத்தே சொல்லப் பழகிவிட்டேன்.

ஊரில் கிருபை அண்ணை கால்பந்துக் கழகம் ஒன்றின் கோல் கீப்பராக இருந்தவர். இங்கே வந்து ஐஸ் ஹொக்கியை முதலில் பார்த்தது முத்திரையில்தான். கிழக்கு ஐரோப்பிய நாடு ஒன்றின் முத்திரை, ஒருநாள் தட்டில் மேலே வந்தது. ஒருவன் மட்டையை வீசிக்கொண்டு பாய்கிறான். ஓரத்தில், வலைக்கு முன்னால், உடம்பு முழுக்கப் பஞ்சு கட்டிய மாதிரி இன்னொருவன் குனிந்து நிற்கிறான். முகமூடிக்குள் முகம் இல்லை. கிருபை அண்ணை அதை இடுக்கியில் பிடித்து விளக்குக்கு நேரே வைத்துக் கன நேரம் பார்த்தார்.

"இவன் கோலி" என்றார். கோல் காக்கிறவனுக்கு இங்கே அதுதான் பெயர். "எந்த நாட்டுக்குப் போனாலும் கோலி கோலிதான் புள்ள. அடிக்கிறவனுக்கு முத்திரை அடிக்கானுகள். இவன் மூலைக்குள்ள சும்மா வந்து நிக்கான்."

அன்றிலிருந்து கோலி தெரிகிற முத்திரைகளை அவர் சேர்க்கத் தொடங்கினார். இரட்டிப்பாக வருவதை எடுத்துக்கொள்ள முதலாளி விடுவார். பட்டர் பிஸ்கட் வந்த ரின் ஒன்று அவற்றின் வீடாயிற்று. காயப்போடும்போது முத்திரையை எப்போதும் முகம் கீழாகத்தான் போட வேண்டும். முதுகில் மிஞ்சிய பசை இருந்தால் தாளில் ஒட்டிவிடும். கிருபை அண்ணை கோலிகளை மட்டும் முகம் மேலாகப் போடுவார். அவை ஒட்டும், சுருளும், முதலாளி ஏசுவார். அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "கொஞ்சம் வெளிச்சம் பாக்கட்டுமே" என்பார் என்னிடம்.

நான் இருந்த எங்கள் அக்கா வீடு, கிருபை அண்ணை இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்திலேயே மேல் மாடியில் இருந்தது. அங்கே ரிவி இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஹொக்கி பார்க்க ஆட்களைக் கூப்பிடுவார். நான் குசினி வாசலில் நின்று பார்ப்பேன். எல்லோருடைய கண்ணும் பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டின் பின்னால் ஓடும். கிருபை அண்ணையின் கண் ஓடாது. ஆட்டம் மற்றப் பக்கத்துக்குப் போனதும் அவர் கதிரையில் சரிந்து, ரிவிப் பெட்டியின் விளிம்புக்கு அப்பால் எட்டிப் பார்ப்பார்.

"கிருபை, அங்க என்னத்தைத் தேடுறாய்?" என்று அத்தான் கேட்டார்.

"அவன் இப்ப அந்தப் பக்கம் தனிய நிப்பான் மச்சான். என்ன செய்யிறானோ தெரியா."

"பெட்டிக்குப் பின்னால போய்ப் பாருங்கோ, நிப்பார். ஒரு தேத்தண்ணியும் குடுத்திட்டு வாங்கோ" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் விடவில்லை. "பக் எங்க எண்டே உனக்குத் தெரியாது. பிறகென்ன ஹொக்கி பாக்கிறாய்?"

"பக்க அவன் பாப்பான். நான் அவனப் பாக்கிறன்" என்றார் கிருபை அண்ணை.

இந்த வசனம் பிறகு அந்த மாடியில் எல்லோருடைய வாயிலும் வந்தது. அக்கா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போதுகூட, "படிப்பை ரீச்சர் பாப்பா, நான் ரீச்சரைப் பாக்கிறன்" என்பார்.

ஒருநாள் முதலாளி மேலே இருந்து ஒரு பழைய சஞ்சிகையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். முகமூடி வருவதற்கு முந்திய காலத்துக் கோலிகளின் படங்கள் அதில் இருந்தன. வெறும் முகத்தோடு பக்கைத் தடுத்தவர்கள். புருவத்தில் தையல், மூக்கில் தையல், தாடையில் தையல். ஒருவருக்கு முன்வாயில் பல்லே இல்லை. அவர்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு நின்றார். கிருபை அண்ணை அந்தப் படத்தின் மேல் குனிந்தார். வாயை மறைத்திருந்த கை தானாகவே கீழே இறங்கியதை அவர் கவனிக்கவில்லை.

"இவன்ர மூஞ்சியப் பாரு புள்ள" என்றார். "இவ்வளவு அடி வாங்கினதுக்குப் பிறகும் ஒளிக்காம நிண்டு படம் எடுத்திரிக்கான்."

கிருபை அண்ணைக்கு மேல்வாயின் முன்பற்கள் இல்லை. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவருக்குச் சைக்கிளில் விழுந்ததாகச் சொல்லியிருப்பார், இன்னொருவருக்குக் கால்பந்து பட்டதாகச் சொல்லியிருப்பார். ஊரில் இருந்து புறப்படும்போது எல்லாப் பல்லும் இருந்தன. கனடாவுக்கு ஏற்றுகிற ஏஜென்சிக்காகக் கொழும்பில் காத்துக்கிடந்த நாட்களில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்களிடம் நாங்கள் அப்படிக் கேட்பதில்லை.

மனைவிக்கு மட்டும் அது தெரியக்கூடாது என்று அவர் நினைத்தார். பல்லுக் கட்டின பிறகு நல்லதாக ஒரு படம் எடுத்து அனுப்புவதாகத் திட்டம். பல்லுக் கட்டுவது அடுத்த மாதம், அடுத்த கோடை என்று தள்ளிக்கொண்டே போயிற்று. அதுவரை அவர் அனுப்பிய படங்களில் அவர் இருந்தார், முகம் இருக்கவில்லை. நயாகராவில் எடுத்ததில் நீர்வீழ்ச்சி பெரிதாகவும் அவர் எறும்பு மாதிரியும் இருந்தார். பனியில் எடுத்ததில் மூக்குவரை சுற்றிய ஸ்காவ். இங்கே ஹொக்கி ஆடும்போது எடுத்ததில் கோலி முகமூடி. கொண்டாட்டங்களில் யாராவது கமெராவைத் தூக்கினால் உடனே எழும்பி, "குடுங்க, நான் எடுக்கிறன். நீங்க எல்லாரும் நில்லுங்க" என்று வாங்கிவிடுவார். சென் ஜேம்ஸ் ரவுணில் நீங்கள் வாழ்ந்த காலத்து அல்பத்தைத் திறந்து பாருங்கள். அதில் பாதிப் படங்கள் அவர் எடுத்தவையாக இருக்கும். நீங்கள் எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டு இருப்பீர்கள்.

முத்திரை கேட்டு எழுதிய கதையை இனிச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் யாரும் தபால் திணைக்களத்துக்கு எழுதி, இன்னதற்கு ஒரு முத்திரை வெளியிடுங்கள் என்று கேட்கலாம். முதலாளி இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். கிருபை அண்ணை இடுக்கியைக் கீழே வைத்தார். "யாரும் எண்டா? எங்கட ஆக்களும் கேக்கலாமா?" என்றார். அன்று மத்தியானமே என்னிடம் ஒரு தாளை நீட்டினார். இங்கிலீசில் நான் எழுத வேண்டும், சொல்வது அவர்.

பழைய காலத்துச் சிறந்த கோலிகள் மூவருக்கு முத்திரை வேண்டும் என்று எழுதினோம். முகமூடி இல்லாமல் இருக்க வேண்டும். தையல்கள் தெரிய வேண்டும். அவர்கள் கோல் விட்ட நேரத்துப் படமாக இருக்கக்கூடாது. பக்கத்தில் வேறு ஆட்டக்காரரைப் போடக்கூடாது. "மரியாதையாக் கேளு புள்ள, ஆனா கெஞ்சாத" என்றார். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இங்கிலீசு முழுவதும் விளங்கியிராது. கோலிகளின் பெயர் வரும் இடங்களில் மட்டும் தலையை ஆட்டினார்.

பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது. கடையின் முகவரிக்கு, நல்ல தடித்த தாளில், அவருடைய பெயருக்கு. உங்கள் ஆலோசனைக்கு நன்றி. ஆயினும் மகாராணியைத் தவிர உயிரோடு இருப்பவர்களை முத்திரையில் கௌரவிக்கும் வழக்கம் இல்லை. நான் இதை வாசித்துத் தமிழில் சொன்னேன். கிருபை அண்ணையின் முகம் மாறிவிட்டது.

"அந்த மூண்டு பேரும் இப்ப உயிரோட இரிக்காங்களா?"

"தெரியாது அண்ணை. இருக்கிறபடியால்தான் இப்பிடி எழுதியிருக்கினம் போல."

"அப்ப நான் என்ன கேட்டிரிக்கன்? அவனுகளுக்கு முத்திரை வேணும் எண்டா அவனுகள் சாக வேணும். அதத்தானே நான் ஒப்பம் வைச்சுக் கேட்டிரிக்கன்?"

நான் அப்படி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அன்று முழுவதும் அவர் வேலையில் மனம் வைக்கவில்லை. ஒரு சிவப்பு உறைத் துண்டு தட்டுக்குள் போய், ஒரு தொகை முத்திரை இளஞ்சிவப்பாகிவிட்டது. அடுத்த நாள் வந்ததும் தாளை எடுத்தார். "எழுது. நான் கேட்டத நான் திருப்பி எடுக்கிறன் எண்டு எழுது."

அந்த இரண்டாவது கடிதத்தின் வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம். "ஐயா, எனது முந்திய வேண்டுகோளை இத்தால் மீளப் பெற்றுக்கொள்கிறேன். அவர்கள் மூவரும் நீண்ட காலம் சுகமாக இருக்கட்டும். முத்திரைக்கு அவசரம் இல்லை." முதலாளி அதை வாசித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலே போனார். விற்பனைக்கு வைத்திருந்த அழகான முத்திரை ஒன்றை எடுத்து வந்து, தன் கையாலேயே உறையில் ஒட்டினார்.

அதற்கும் பதில் வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது என்று இரண்டே வரி. கிருபை அண்ணைக்கு அது போதும். "பைலில போட்டாச்சாம். இனி அவனுகளுக்கு ஒண்டும் நடக்காது" என்று நிம்மதியாகத் தட்டுக்குள் கையை விட்டார். அப்போது ஸ்ரீற்கார் ஒன்று போயிற்று. தட்டு நடுங்கி, உலகம் முழுவதும் ஒருமுறை அவர் பக்கமாக நகர்ந்து திரும்பியது.

அதன் பிறகு அவர் தானே முத்திரை கீறத் தொடங்கினார். கடித உறையின் வெள்ளைத் துண்டில், கலர் பென்சிலால், வலைக்கு முன்னால் நிற்கிற கோலி. பல்லுப் பல்லான ஓரத்தைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுவார். மகளுக்குப் போகும் கடிதத்துக்குள் ஒவ்வொன்றாக வைத்து அனுப்புவார். அந்தக் கோலிகளுக்கு முகமூடி இல்லை, தையலும் இல்லை. எல்லோரும் வாய் நிறையப் பல்லோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அதைப் பற்றி நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

அவர் இறந்த பிறகு தவமலர் அக்காவோடு பேச வேண்டி வந்தது. ஆண்கள் எல்லோரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். மட்டக்களப்பு ரவுணில் ஒரு கடைக்கு அவரை வரச் சொல்லி, எங்கள் அக்கா வீட்டில் இருந்து ரெலிபோன் எடுத்தோம். லைனில் நான் பேசியது எனக்கே திரும்பிக் கேட்டது. கடலுக்கு அடியில் இருந்து இன்னொரு நான் பதில் சொல்வது போல இருந்தது.

"தங்கச்சி, அவர்ர படம் ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார் அவர். "செத்த வீட்டுப் படம் கிடைச்சது. நித்திர கொள்ற மாதிரித்தான் கெடக்கார். புள்ளைக்குக் கண் முழிச்ச அப்பா வேணும்."

கலியாண அல்பம் எங்கே என்று கேட்டேன். வீட்டோடு எரிந்துவிட்டது என்றார். அவர் பயணம் வந்த பாஸ்போட்டில் இருந்தது வேறு யாருடையதோ படம். குடிவரவுக் கந்தோரின் கோப்பில் ஒன்று இருக்க வேண்டும். கேட்டு எழுதியிருக்கிறோம் என்றேன். எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

"கோகிலா அவர் கீறி அனுப்பின கோலியக் காட்டித்தான் இது எங்கட அப்பா எண்டு எல்லாருக்கும் சொல்றா" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "ஒண்டு கேக்கன், மறைக்காமச் சொல்லுங்க. ஏன் ஒரு படம்கூட முகத்தக் காட்டி அனுப்பல்ல? என்னோட கோவமா? அங்க வேற ஆரும் இரிக்காங்களா?"

நான்கு வருடமாக அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் சொல்லிவிட்டேன். பல்லைப் பற்றி, வாயை மறைக்கும் கையைப் பற்றி, பல்லுக் கட்டின பிறகு எடுக்க வைத்திருந்த படத்தைப் பற்றி. இவ்வளவு நீளமாக நான் யாரோடும் பேசியதில்லை.



"பல்லா?" என்றார். "பல்லுக்காகவா இந்த மனிசன் இவ்வளவு காலம் ஒளிச்சது?"

அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. லைனில் அது இரண்டு முறை கேட்டது.

"பல்லு இல்லாட்டிப் பரவால்ல தங்கச்சி. பல்லு இல்லாத மூஞ்சிதான் எனக்கு இப்ப வேணும். அது அவர்தானே."

உயிரோடு இருப்பவர்களுக்கு முத்திரை இல்லை என்று அந்தக் கடிதம் சொன்னது. இப்போது கிருபை அண்ணைக்கு அந்தத் தடை நீங்கிவிட்டது. அடிப்பதற்கு முகம்தான் இல்லை.

அவருடைய பிஸ்கட் ரின்னை, அதற்குள் இருக்கிற அத்தனை கோலிகளோடும், கோகிலாவுக்காகக் கட்டி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்து அனுப்புவோம். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கத்தை. இப்போதும் கீழே அந்த மேசையில் தனியே இருந்து வேலை செய்கிறேன். ஆட்டமோ விழாவோ எதுவாக இருந்தாலும், முத்திரையில் மூலையில் நிற்கிற ஆள் யார் என்றுதான் முதலில் பார்க்கிறேன். கோலி வந்தால் முகம் மேலாகக் காயப்போடுகிறேன். முதலாளி பார்க்கிறார், ஏசுவதில்லை.

இனி, கடைசியில் சொல்வதாகச் சொன்ன காரணம்.

போன வருடம் இலை உதிர்கிற காலத்தில், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள பாக்கிங் லொட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஐஸ் இல்லை, தார்த்தரை. பக் இல்லை, ரெனிஸ் பந்து. இரண்டு குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் கிருபை அண்ணை, வெள்ளைப் பிளாஸ்ரிக் முகமூடியோடு. இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால், கடைசியில் அத்தான் தனியே வந்து ஒரு அடி அடிப்பது என்று முடிவாயிற்று. அக்கா கொடுத்துவிட்ட தேத்தண்ணிப் போத்தலோடு நான் வேலியோரம் நின்றேன்.

"கிருபை, முகமூடியைக் கழட்டு. பந்து போனது உனக்குத் தெரியாமல் போயிடும்" என்று அத்தான் கத்தினார்.

"பந்த நீ பாரு மச்சான். நான் உன்னப் பாக்கிறன்."

அத்தான் ஓடி வந்தார், இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் அடித்தார். கிருபை அண்ணை முழு உடம்போடு விழுந்தார். பந்து அவருடைய நெஞ்சுக்கு அடியில் கிடந்தது. எல்லோரும் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் முகமூடியை இழுத்துக் கழற்றி எறிந்துவிட்டுச் சிரித்தார். இரண்டு கையிலும் கையுறை இருந்தது. வாயை மறைக்க அவருக்குக் கை இருக்கவில்லை, அல்லது அந்த நேரம் மறைக்க நினைவு வரவில்லை. வாய் முழுவதும் திறந்து, அந்தப் பழைய சஞ்சிகையில் இருந்த கோலியைப் போலச் சிரித்தார்.

நான் ஒரு கணம்தான் பார்த்தேன். அவர் காட்ட விரும்பாத ஒன்றைப் பார்க்கிறேன் என்ற கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் பக்கத்தில் கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ படம் எடுத்தார்கள். நான் நிமிரவில்லை. கண்ணில் பட்டது சப்பாத்து மட்டும்தான். நீல நிறக் கன்வஸ் சப்பாத்து, சிவப்பு லேஸ், இடது கால் லேஸ் அவிழ்ந்து தரையில் கிடந்தது.

அந்தச் சப்பாத்தை நான் எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் தேடிவிட்டேன். அன்று நின்றவர்களில் பலர் இப்போது அங்கே இல்லை. சிலர் நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள், சிலர் வேறு நகரங்களுக்கே போய்விட்டார்கள். இந்தச் சஞ்சிகை அங்கெல்லாம் வருகிறது என்று சொன்னார்கள். அதனால்தான் எழுதினேன்.

அன்று சிவப்பு லேஸ் கட்டியிருந்தவர் நீங்களாக இருந்தால், தயவு செய்து அந்தப் படத்தைத் தாருங்கள். படம் இல்லாவிட்டால் நெகட்டிவ் போதும். இன்னும் கழுவாத பிலிம் ரோலாக ஏதாவது மேசை லாச்சிக்குள் கிடந்தால், அப்படியே தாருங்கள், கழுவும் செலவு எங்களுடையது. வாய் திறந்து சிரிக்கிறாரே, இதை எப்படிக் கல்வெட்டில் போடுவது என்று தயங்க வேண்டாம். அந்தச் சிரிப்போடுதான் வேண்டும் என்று அவருடைய மனைவி சொல்லிவிட்டார். ஊரில் ஒரு பிள்ளை, பென்சிலால் கீறிய ஆளை அப்பா என்று காட்டிக்கொண்டு இருக்கிறாள்.

படத்தின் ஓரத்தில் ஒரு பெண் போத்தலைப் பிடித்தபடி குனிந்து நின்றால், அது நான்தான். அந்தப் பக்கத்தை வேண்டுமானால் வெட்டிவிட்டுத் தரலாம்.